வீட்டில் இறப்பு, பெர்மிட், மின்சுடலை, பழைய சுடுகாடு: தோட்டத்து மரண சகாயச் சங்கத்துக்கு விளக்கம் தேவை

லயத்துச் செயலாளர் கேட்டது:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். எங்கள் மரண சகாயச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஒரு வழிகாட்டித் தாள் தயார் செய்கிறோம். முன்பெல்லாம் வயதானவர் வீட்டில் இறந்தால் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போவோம், அங்கேயே அடக்கம் செய்யும் பெர்மிட் எழுதித் தருவார்கள். இப்போது டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். சரியான வரிசை என்ன? தோட்டத்தில் வேலை நேரத்தில் யாராவது இறந்தால் அது வேறு கணக்கா? மின்சுடலைக்குப் பெட்டி கொண்டுபோகும்போது எதை உள்ளே வைக்கக்கூடாது? இன்னும் சிலர் தோட்டத்துச் சுடுகாட்டில் கட்டை அடுக்கி எரிக்கத்தான் விரும்புகிறார்கள், அதற்குத் தடை உண்டா? கடைசியாக ஒன்று: தோட்டம் கைமாறப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. செம்பனைக்குப் பின்னால் பழைய புதைகுழிகள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

காகிதக்கட்டு:

ஐயா, தாளின் தலையில் பெரிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: காகிதம் கைக்கு வந்தபிறகே எடுக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். நம் ஆட்கள் ராகுகாலம், எமகண்டம் பார்த்து, வாட்ஸ்அப்பில் "மாலை 3 மணிக்கு நல்லடக்கம்" என்று அனுப்பிவிட்டு அதன்பிறகுதான் டாக்டரைத் தேடுகிறார்கள். மூன்று மணிக்கு மின்சுடலை வாசலில் பெர்மிட் இல்லாமல் நிற்கும்போது அங்கே இருப்பவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பெர்மிட் இல்லாமல் அவர் அடுப்பைப் பற்றவைத்தால் மாட்டுவது அவர்தான். புதைத்த உடலில் பிறகு சந்தேகம் வந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித் தோண்டிப் பார்க்கலாம். எரித்த உடலில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. தகனத்தில் இத்தனை கெடுபிடி இருப்பதற்கு இதுதான் காரணம்.

தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்துவது 1957ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், அதாவது 299ஆம் சட்டம். அதில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்பிறகு மரணக் காரணத்தை உறுதிப்படுத்துவது மருத்துவத் தரப்பின் வேலை. சாதாரண வீட்டு இறப்புக்குப் போலீஸ்காரர் பார்த்து "முதுமை" என்று எழுதித் தந்த காலம் முடிந்தது.

வீட்டில், நோயில், எதிர்பார்த்தபடி இறந்தவர் என்றால் வரிசை இது. முதலில் அவருக்குச் சிகிச்சை பார்த்த கிளினிக்கையோ தனியார் டாக்டரையோ கூப்பிடுங்கள். டாக்டர் உடலைப் பார்த்து, பழைய நோய்க் குறிப்புகளைப் பார்த்து, மரணக் காரணத்தை எழுதித் தருவார். அந்தச் சான்றின்பேரில்தான் 'பெர்மிட் மெங்குபுர்கான்', அதாவது அடக்கம் செய்யும் பெர்மிட். பெயரில் 'புதைப்பு' என்று இருந்தாலும் தகனத்துக்கும் அதே தாள்தான், மின்சுடலைக்கென்று தனியாக ஒன்று கிடையாது. பிறகு ஜேபிஎன் எனும் தேசியப் பதிவிலாகாவில் 7 நாளுக்குள் இறப்பைப் பதிந்து மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தாமதித்தால் தாமதப் பதிவு. விளக்கம், கூடுதல் ஆவணம் என்று இழுத்தடிக்கும்.

டாக்டர் கையெழுத்துப் போட மறுக்காமல் இருக்க, வீட்டில் ஒரு உறையைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்: கிளினிக் அப்பாய்ண்ட்மெண்ட் புத்தகம், கடைசியாக மருத்துவமனையிலிருந்து வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் கடிதம், சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துகள் அட்டையோடு, இறந்தவரின் மைகார்டு (அடையாள அட்டை), தகவல் கொடுப்பவரின் மைகார்டு. இறந்தவரின் மைகார்டை ஜேபிஎன் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதனால் முன்பக்கம் பின்பக்கம் நகல் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பெர்மிட்டின் அசலை மின்சுடலை வாங்கி வைத்துக்கொள்ளும், அதற்கும் நகல் வேண்டும்.

எப்போது டாக்டர் மறுப்பார்? எந்தக் கிளினிக்கிலும் பதிவே இல்லாதவர், இளவயதுக்காரர், உடம்பில் காயமோ நிறமாற்றமோ உள்ளவர், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர். நம்மவர்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது: மூன்று வாரத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகி, சளி கட்டி இறந்த பாட்டி. வீட்டாருக்கு அது முதுமை. சட்டத்தின் கண்ணில் அது விபத்தில் தொடங்கிய மரணம், போலீசுக்குப் போகவேண்டியது. விழுந்ததை மறைத்துச் சொல்லாதீர்கள். எலும்பு முறிவு மருத்துவமனைப் பதிவில் இருக்கும். பாதியில் வெளிவந்தால் நாள் இரண்டு போய்விடும்.

ஜேபிஎன் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் மரணச் சான்றிதழில் பெயர், ஐசி (மைகார்டு) எண், தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'முனியாண்டி'யில் ஒரு எழுத்து மாறினால் இபிஎஃப் சேமநிதி, இன்சூரன்ஸ், நிலம் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தவர் எப்போதாவது இஸ்லாத்துக்கு மதம் மாறிய பதிவு இருந்தால், அதைக் குடும்பம் ஏற்காவிட்டாலும், தகனம் தடைபடும். 2005 டிசம்பரில், எவரெஸ்ட் ஏறப் போன மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தியின் வழக்கில் சிவில் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. அப்படிச் சந்தேகம் உள்ள குடும்பம், அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் வழி. சங்கம் அதில் தலையிட வேண்டாம்.

தங்கம்_ஈப்போ:

இரவு பதினொரு மணிக்குக் கிளினிக் பூட்டியிருக்கும், அப்போது என்ன செய்வது அண்ணா? தோட்டத்தில் நடப்பதெல்லாம் ராத்திரியில்தான்.

காகிதக்கட்டு:

தங்கச்சி, அதைத்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும். படுக்கையில் நோயாளி இருக்கும் வீடு, அவருடைய கிளினிக்கிலேயே கேட்டு வைக்கட்டும்: வேலை நேரத்துக்குப் பிறகு யார் வந்து பார்ப்பார், வீட்டுக்கு வருவாரா, உடலைக் கொண்டுவரச் சொல்வாரா. வீட்டுக்கு வந்து உறுதிசெய்யும் தனியார் டாக்டர் இரண்டு பேரின் எண்ணும் கட்டணமும் சங்கத்திடம் இருக்கவேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் காலைவரை பொறுக்கலாம், குற்றமில்லை. அதற்குள் குளிரூட்டிப் பெட்டி வாடகைக்கு எடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பெட்டி இல்லாமல் ஒரு நாள் போனால் அடிவயிறு பச்சை பாய ஆரம்பிக்கும். ஃபேன் போட்டு ஐஸ் கட்டி வைப்பது போதாது, ஐஸ் உருகிய தண்ணீர் தோலைத்தான் கெடுக்கும்.

பிரேதக்கிடங்கு:

இயற்கையல்லாத மரணத்தைப் பற்றி எழுதுகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டம், 593ஆம் சட்டம், 329ஆம் பிரிவு. தற்கொலை, இன்னொருவரால், மிருகத்தால், இயந்திரத்தால், விபத்தால் நேர்ந்த சாவு, சந்தேகம் எழுப்பும் சாவு, எப்படி இறந்தார் என்றே தெரியாமல் கிடந்த உடல்: இவை எல்லாம் போலீஸ் விசாரிக்கவேண்டியவை. தோட்டத்துக்கு மொழிபெயர்த்தால் டிராக்டர் கவிழ்ந்தது, குலை தலையில் விழுந்தது, அரிவாள் மின்கம்பியில் பட்டது, பாம்பு, மின்னல், களைக்கொல்லி.

இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டார் செய்யும் முதல் காரியம் குளிப்பாட்டுவது. அதைத்தான் செய்யக்கூடாது. நீர்மாலை, மஞ்சள், புதுத்துணி எல்லாம் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் திரும்பியபிறகு. உடையைக் கழற்றாதீர்கள், வாந்தியைத் துடைக்காதீர்கள், மருத்துவமனையில் செருகிய குழாய் இருந்தால் பிடுங்காதீர்கள். தூக்கில் உயிர் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் போலீஸ் வரும்வரை இறக்காதீர்கள். உயிர் இருக்கலாம் என்றால் யோசிக்காமல் இறக்குங்கள், ஆனால் கயிற்றை முடிச்சில் அவிழ்க்காமல் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டுங்கள். விஷப் புட்டியை மூடி, நிமிர்த்தி, போலீசிடம் கொடுங்கள். பாராகுவாட் இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பழைய கேன் எங்கேயாவது இருக்கும், எது குடித்தார் என்பதில் டாக்டருக்கு அந்த லேபிள் பெரிய உதவி.

போலீஸ் வந்து பார்த்து, டாக்டரிடம் பரிசோதனை கேட்கும் போல் 61 பாரத்தைக் கொடுக்கும். சிறிய கேஸ் பக்கத்து மருத்துவமனையில் முடியும். கொலைச் சந்தேகம், சிக்கலான கேஸ் என்றால் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் தடயவியல் பிரிவு. "நாங்கள் அறுக்க விடமாட்டோம்" என்று கையெழுத்துப் போடாமல் நிற்பதில் பயனில்லை. விசாரணைக்கான பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. நோயை அறிய மருத்துவமனையே கேட்கும் பரிசோதனைக்குத்தான் சம்மதம் வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மனக்குறை இருந்தால் விசாரணை அதிகாரியிடம் பணிவாகக் கேளுங்கள், வெளிப் பரிசோதனையிலேயே காரணம் தெளிவானால் சில கேசில் அறுவை தேவைப்படாமல் போவதுண்டு. முடிவு அவர்கள் கையில்.

தாமதம் பெரும்பாலும் டாக்டரால் அல்ல. விசாரணை அதிகாரி வராமல் கத்தி எடுக்க மாட்டார்கள். அடையாளம் காட்ட வேண்டிய உறவினர் மைகார்டு இல்லாமல் வந்து நிற்பார். அடையாளம் காட்ட இரண்டு பேர், இருவரும் முகம் நன்றாகத் தெரிந்தவர்கள், இருவரிடமும் ஐசி. இதைச் சரிசெய்தால் பாதி நாள் மிச்சம். இரத்தம், வயிற்றில் இருந்தது எல்லாம் வேதியியல் ஆய்வுக்குப் போனால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்காக உடலைப் பிடித்து வைக்க மாட்டார்கள், காரணம் 'ஆய்வில்' என்றிருந்தாலும் உடலும் பெர்மிட்டும் வந்துவிடும். தகனம் செய்யலாமா என்று மட்டும் விசாரணை அதிகாரியிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கொலைக் கேசில் எரிக்காமல் புதைக்கச் சொல்ல வாய்ப்பு உண்டு. அதைக் குடும்பம் சமயக் காரணம் காட்டி எதிர்த்தாலும், கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பரிசோதனை முடிந்த உடல் கழுத்தடியிலிருந்து அடிவயிறு வரை தைத்திருக்கும், மண்டைத் தோலும் தைத்திருக்கும். தையலில் கசியும். வீட்டில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். குளிப்பாட்டும்போது வாளியில் தண்ணீரை மொண்டு ஊற்றாமல் ஈரத்துணியால் துடையுங்கள், கையுறை கட்டாயம், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. காசநோய், மஞ்சள் காமாலை வகை ஹெபடைடிஸ் இருந்தவர் என்றால் குளிப்பாட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 342ஆம் சட்டம், தொற்றால் இறந்தவர் உடலை எப்படி அப்புறப்படுத்துவது என்று சொல்லும் அதிகாரத்தைச் சுகாதார அதிகாரிக்குக் கொடுக்கிறது. அவர் 'பையைத் திறக்காதே' என்றால் திறக்கக்கூடாது.

இன்னொன்று: போலீஸ் விடுவிக்கும் முன்னால், உடல் கெடாமலிருக்க ஃபார்மலின் ஏற்றக் கூடாது. ஏற்றிவிட்டால் விஷ ஆய்வே குழம்பிவிடும்.

வேலை நேர மரணம் என்றால் மேலே சொன்னதோடு நிர்வாகத்துக்கும் கடமை இருக்கிறது. டோஷ் எனும் வேலையிடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு விபத்து அறிவிப்பு விதிமுறை. அதிகாரி பார்க்கும் முன்னால் டிராக்டரை இழுத்துப்போட்டுக் கழுவி வைக்கக் கூடாது. குடும்பம் போலீஸ் ரிப்போர்ட் எண், சவ வண்டி ரசீது, மின்சுடலை ரசீது மூன்றையும் பத்திரமாக வைக்கட்டும். பெர்கெசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஈமச்சடங்குச் சலுகைக்கும் வாரிசுப் பென்ஷனுக்கும் அவை கேட்கப்படும்.

லயத்துச் செயலாளர்:

மிக்க நன்றி. இரண்டு கிளைக் கேள்வி. ஒன்று, ஒருவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. அதை எடுக்காவிட்டால் வெடிக்கும் என்கிறார்கள், உண்மையா? இரண்டு, இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் நாமே தகனம் செய்துவிடலாமா?

சுடலைமாடன்:

பேஸ்மேக்கர் வெடிக்கும், வதந்தி இல்லை. உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம், மூடிய உலோக உறையில். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறிச் சிதறும்போது அடுப்பின் செங்கல் பெயரும், கதவுக் கண்ணாடி உடையும். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த நேரத்தில் துவாரத்தில் கண் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் மின்சுடலைப் பாரத்தில் 'உடலில் கருவி உண்டா' என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். எடுப்பது பெரிய காரியமில்லை. கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கம், தோலைச் சின்னதாகக் கீறி, கம்பியை வெட்டி, கருவியை வெளியே எடுத்துத் தைப்பார்கள். உடல் மருத்துவமனையில் இருக்கும்போதே கேட்டால் சுலபம், வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆளைத் தேடி அலைவது. கவனிக்க: அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவி என்றால் முதலில் அதை மருத்துவமனையில் செயலிழக்கச் செய்யாமல் கம்பியை வெட்டக்கூடாது, வெட்டுபவருக்கு அடிக்கும். வீட்டில் கருவியின் அடையாள அட்டை இருக்கும், அதைப் பார்த்தால் எந்த வகை என்று தெரியும். இடுப்பில், முழங்காலில் வைத்த உலோக மூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அது வெடிக்காது, சாம்பலோடு கிடக்கும், எடுத்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் என்ன வைக்கக்கூடாது என்று கேட்டீர்கள். முழுத் தேங்காய் முதல் எதிரி. உள்ளே தண்ணீர் ஆவியாகி அடுப்புக்குள் வெடிக்கிறது. உடைத்து வையுங்கள், அல்லது சடங்கு முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி வளையல், சென்ட் புட்டி, எண்ணெய் புட்டி எல்லாம் உருகி அடுப்புத் தரையில் ஒட்டும், பிறகு அதே கண்ணாடி எலும்போடு ஒட்டி அஸ்திப் பானைக்குள் வரும். கைத்தொலைபேசி, டார்ச், ரேடியோ, மின்கலம் உள்ள எதுவும் கூடாது, லைட்டரும் கூடாது. ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் மாலை, செயற்கைப் பட்டு, தலையணை நுரை ஆகியவை கறுப்புப் புகை கக்கும், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து புகார் வரும். ஒரு பிடி வாய்க்கரிசியும் கட்டிக் கற்பூரமும் நெய் கொஞ்சமும் பரவாயில்லை. நெய்யைக் கிலோக்கணக்கில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அடுப்பின் முதல் பத்து நிமிடத்தில் அது குபீரென்று பிடித்து வெப்பம் கட்டுக்கடங்காமல் போகும்.

பெட்டியை மெல்லிய பலகையில் வாங்குங்கள். கனத்த வார்னிஷ், துத்தநாகத் தகடு, பித்தளைக் கைப்பிடி எல்லாம் புதைக்கும் பெட்டிக்கு. வாங்கும் முன்னால் மின்சுடலையில் வாயிலின் அகலமும் உயரமும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு அடுப்புக்கும் வேறுபடும். பருமனான உடல் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், அன்றைய முதல் தகனமாகப் போடுவார்கள். ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும் அடுப்பில் கொழுப்பு அதிகமுள்ள உடலை வைத்தால் தீ கட்டுக்கடங்காமல் போகும். அதனால்தான் காலை நேரம் கொடுக்கிறார்கள், யாரையும் அவமதிக்க அல்ல.

அடுப்பு 760இலிருந்து 980 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும். புகையை எரிக்க இரண்டாம் அறை தனியாக இருக்கும். ஒரு உடலுக்கு ஒன்றரை மணி நேரம் சராசரி, பிறகு ஆறவேண்டும். மறுநாள் காடாத்துக்கு வரும்போது கிடைப்பது சாம்பலல்ல, எலும்புத் துண்டுகள்: வளர்ந்தவருக்கு இரண்டு முதல் மூன்று கிலோ. மூன்று, நான்கு லிட்டர் பானை போதும். அரைக்காமல் எடுத்தால் இன்னும் கொஞ்சம் பெரியது. மின்சுடலையில் அரைக்கும் இயந்திரம் இருந்தால் 'அரைக்க வேண்டாம்' அல்லது 'அரையுங்கள்' என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நம்மவரில் இரண்டு வழக்கமும் இருக்கிறது.

கட்டையில் எரிப்பது: உள்ளாட்சி மன்றம் அனுமதித்த தகன இடமாக இருந்தால்தான். சுங்கை சிப்புட் பகுதிக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். தோட்டத்துச் சுடுகாடு அவர்களுடைய பதிவில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'எப்போதும் எரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்' என்பது பதிலாகாது. பெர்மிட் அங்கேயும் அதேதான். இடம் சரி என்றால் செய்முறைக்கு வருவோம். காய்ந்த கட்டை 400இலிருந்து 500 கிலோ வேண்டும். ரப்பர் கட்டை நல்லது, ஆனால் வெட்டிப் பல மாதம் கூரைக்கடியில் காய்ந்ததாக இருக்க வேண்டும். நேற்று வெட்டியதில் தண்ணீர் அதிகம், புகைந்துகொண்டே கிடக்கும். செம்பனைத் தண்டு ஈரப் பஞ்சு, அதை அடுக்கி ஏமாந்துபோவது வழக்கமாகிவிட்டது. அடியில் காற்று நுழைய இடம் விட்டு, இரும்புக் கம்பிப் படுக்கையில் அடுக்குங்கள். கனமான கட்டைகள் மார்புக்கும் இடுப்புக்கும் மேல் வரவேண்டும், கடைசியில் மிஞ்சுவது அந்த இரண்டு இடமும்தான். ஐந்தாறு மணி நேரம் ஆள் காவல் இருக்கவேண்டும். பெட்ரோல் ஊற்றாதீர்கள். அதன் ஆவி தரையோடு பரவி, கொள்ளி வைப்பவர் காலைப் பிடிக்கும். டயர் போடுவது குற்றம், நாற்றமும் நஞ்சும் லயத்துக்குத்தான் வரும். மழைக்காலத்தில் மேலே தகரக்கூரை இல்லாத சுடுகாட்டில் ஆரம்பிக்கவே வேண்டாம். பாதி எரிந்த உடலை என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல பதில் எதுவும் கிடையாது.

காகிதக்கட்டு:

வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றி: நாமே முடிவெடுக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் உடனே தகனம் செய்துவிட்டு, ஊரில் மனைவி 'முகம் பார்க்கவில்லை' என்று தூதரகத்தில் புகார் கொடுத்தால் முதலாளியும் சங்கமும் பதில் சொல்லவேண்டி வரும். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கு முதல் நாளே தகவல் போகட்டும். ஊரிலுள்ள நெருங்கிய வாரிசிடமிருந்து எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்: உடல் வேண்டுமா, அல்லது இங்கே தகனம் செய்து அஸ்தியை அனுப்பினால் போதுமா. தொலைபேசியில் 'சரி' என்றது கணக்கில்லை, கையெழுத்து அங்குள்ள அதிகாரி சான்றோடு வேண்டும். உடலை அனுப்புவது என்றால் மரணச் சான்றிதழ், ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் ஆட்சேபணையில்லாக் கடிதம், எம்பாமிங் (உடலைப் பதப்படுத்திய) சான்று, பெட்டியை முத்திரையிட்ட சான்று, 342ஆம் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி அனுமதி, விமானச் சரக்குப் பதிவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும். செலவு யாருடையது என்பதை வேலை ஒப்பந்தத்திலும் காப்புறுதியிலும் முதலில் பாருங்கள், சங்கத்து நிதியைத் தொடுவது அதன்பிறகு.

பழைய கிராணி:

பழைய புதைகுழிகள் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. அதுதான் அவசரமானது, தோட்டம் கைமாறியபிறகு செய்ய ஒன்றும் மிஞ்சாது.

மாநில நில அலுவலகத்தில் தோட்டத்துக் கிராண்டுக்கு (நிலப் பட்டாவுக்கு) ஒரு தேடல் போடுங்கள். தேசிய நிலச் சட்டம் 384ஆம் பிரிவில் தனிப்பட்ட தேடல், 385இல் அதிகாரப்பூர்வத் தேடல். சான்றிதழாகப் பயன்பட இரண்டாவதுதான் நல்லது. லாட் எண் தெரியாவிட்டால் ஆபீசில் மதிப்பீட்டு வரிப் பில்லையோ நிலவரி ரசீதையோ பாருங்கள். பார்க்கவேண்டியது ஒன்றுதான்: சுடுகாடும் புதைகுழி நிலமும் தனியாக 62ஆம் பிரிவின் கீழ் ஒதுக்கி அரசிதழில் வந்த அரசு நிலமா, அல்லது தோட்டத்துக் கிராண்டுக்குள்ளேயே இருக்கிறதா. பெரும்பாலான தோட்டங்களில் இரண்டாவதுதான். அப்படியென்றால் நிலத்தோடு சேர்ந்து புதைகுழியும் விற்கப்படும். மேம்பாட்டாளர் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது நகராண்மைக் கழகம் ஆட்சேபம் கேட்கும் கட்டம் வரும், உங்கள் கடிதம் அதற்கு முன்னாலேயே கோப்பில் இருக்கவேண்டும்.

கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம், விவரம் வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் எண், பெயர் தெரிந்தால் பெயர், இறந்த ஆண்டு, குடும்பத்துத் தொடர்பாளர், ஜிபிஎஸ் இடம், படம். கல்லில்லாத குழிகளை மேடு, நட்ட செடி, பெரியவர்களின் நினைவு இவற்றை வைத்துக் குறியுங்கள். இதை இந்த ஆண்டே செய்யுங்கள், அடையாளம் சொல்லும் வாய்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நில உரிமையாளரிடம் ஒரு பகுதியை அரசுக்கு விட்டுக்கொடுக்கவும், அதை அரசு புதைகுழி நிலமாக ஒதுக்கவும் கேட்கலாம். கிடைத்தால் அதுதான் நிரந்தரத் தீர்வு. 'பயன்படுத்தலாம், ஆட்சேபணை இல்லை' என்ற மேலாளர் கடிதம் அடுத்த மேலாளர் வரும்வரைதான்.

யாராவது புல்டோசரோடு வந்தால்: தண்டனைச் சட்டம் 297ஆம் பிரிவு, புதைகுழியில் அத்துமீறி நுழைந்து மற்றவர் மனதைப் புண்படுத்துவதும் இறந்த உடலை அவமதிப்பதும் குற்றம். படமெடுத்து உடனே போலீஸ் ரிப்போர்ட். நீங்கள் போய் இயந்திரத்தை மறித்து அடிதடி செய்தால் கேஸ் உங்கள் பக்கம் திரும்பும்.

குழிகளை மாற்றத்தான் வேண்டும் என்று குடும்பங்கள் ஒத்துக்கொண்டால் அதற்கும் எழுத்து அனுமதி வேண்டும், நகராண்மைக் கழகமும் சுகாதார அலுவலகமும். விடியற்காலையில், மறைப்புக் கட்டி, ஒரு குழிக்கு ஒரு பை, பையில் எண், அந்தக் குடும்பத்தில் ஒருவர் சாட்சி. பல குழிகளை ஒரே நாளில் தோண்டி எலும்பை ஒரே மூட்டையில் போடும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் குழிக் கணக்கில், படம் காட்டியபிறகு கொடுங்கள். பழைய எலும்பைத் தகனம் செய்வதாக இருந்தால் மின்சுடலையில் முன்கூட்டியே சொல்லுங்கள். ஈரப்பதம் போன எலும்புக்கு முழு உடலுக்கான நேரம் தேவையில்லை. ஆனால் தோண்டும் அனுமதியைக் காட்டாமல் எலும்பை வாங்க மாட்டார்கள்.

தங்கம்_ஈப்போ:

என் பங்குக்கு: நீரிழிவில் கால் எடுக்கிறார்களே, அந்தக் காலையும் நாம் கேட்டு வாங்கலாம். அறுவைக்கு முன்னாலேயே வார்டில் சொல்லிப் பாரத்தில் கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் மருத்துவக் கழிவோடு போய்விடும். வெளியே கொண்டுவரும்போது மருத்துவமனைக் கடிதம் கையில் இருக்கவேண்டும். கடிதமில்லாமல் ஒரு காலைப் புதைத்துவிட்டு, பத்து வருடம் கழித்து யாராவது கேபிள் பதிக்கத் தோண்டினால் போலீஸ் வரும்.

லயத்துச் செயலாளர்:

எல்லாருக்கும் நன்றி. அஸ்தியைக் காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ விமானத்தில் கொண்டுபோவது பற்றி ஒரு வரி சொன்னால் தாளை முடித்துவிடுவேன்.

சுடலைமாடன்:

செம்புப் பானை, எவர்சில்வர் டப்பா வேண்டாம். ஸ்கேனரில் உள்ளே தெரியாது, திறக்கச் சொல்வார்கள். மரப்பெட்டியோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ எடுங்கள், உள்ளே பருத்திப் பையில் அஸ்தி, மூடி டேப் போட்டு ஒட்டியது. மரணச் சான்றிதழ் நகல், மின்சுடலை கொடுத்த தகனச் சான்று அசல் இரண்டும் பெட்டியோடு, கைப்பையில். லக்கேஜில் போடாதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேளுங்கள், சிலர் முன்னறிவிப்பு கேட்பார்கள். தகனச் சான்றை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், ஆறு மாதம் கழித்துப் போய்ப் பழைய புத்தகத்தைப் புரட்டச் சொன்னால் நேரம் பிடிக்கும்.

இங்கேயே கடலில் கரைப்பவர்கள் சுடாத மண்பானையில் போடுங்கள். மாலையிலுள்ள நூல், பிளாஸ்டிக், துணி எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் பூவிதழை மட்டும் விடுங்கள். ஆற்றில் என்றால் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கூடாது. கடலில் என்றால் நீர் வற்றும் நேரத்தில் படகு எடுங்கள், ஏறும் நேரத்தில் பானையைப் போட்டால் அலை அதைத் திரும்பக் கரைக்கே தள்ளும்.